இடது கை தூக்கிய பிள்ளை

உதயகலா தேங்காய்ச் சிரட்டைக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பியைப் பழந்துணியால் பிடித்து விளிம்பில் அழுத்தினாள், புகை எழும்பியது. ஒரு சிரட்டைக்கு மூன்று துளை. இரண்டு சிரட்டையும் ஒரே பாரமாக இருக்க வேண்டும் என்று, கனத்த சிரட்டையை உடைந்த போத்தல் ஓட்டால் சுரண்டிச் சுரண்டிக் கையில் தூக்கிப் பார்த்தாள். பிறகு கயிறு, நடுவில் ஒரு தடி. தராசு ஆயிற்று. எது பாரம் கூடியது, எது குறைந்தது என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக.

வகுப்பு அவளுடையது. பாடம் அவளுடையதல்ல. அது அவளுடைய புருசனின் தங்கை நிவேதனாவினுடையது.

அளவெட்டியில் இருக்கும் அந்த வீட்டுக்கு நான் காலையும் மாலையும் போவேன். நிவேதனாவின் தகப்பன் தம்பிராசா கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். அவரைத் துடைப்பது, பிரட்டி விடுவது, துணி மாற்றுவது என் வேலை. நோயாளிக்குப் பக்கத்தில் நிற்பவளை வீட்டுக்காரர் கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள். எல்லாவற்றையும் அவளுக்கு முன்னாலேயே கதைப்பார்கள். இந்தக் கதை எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

உதயகலா மீசாலைப் பெண். உயர்தரப் பரீட்சையில், ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரிக்குப் போதுமான புள்ளி முதல் தடவை வரவில்லை. இரண்டாம் தடவை எழுத இருந்த வருடம் கலியாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை ஜெயசுதன், வெங்காயச் செய்கைக்காரன், நல்லவன். சில வருடம் கழித்து மறுபடி எழுதிப் புள்ளி வந்தபோது வயது கடந்துவிட்டது. அதன் பிறகு ஊர்ப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்தாள். தொண்டர் ஆசிரியர் என்றால் வேலை முழுக்க உண்டு, நியமனம் இல்லை. அப்படிப்பட்டவர்களை நிரந்தரமாக்க ஒரு முறை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். போனாள். இடைவிடாத சேவை வேண்டும் என்றார்கள். மகன் பிறந்தபோது அவள் வீட்டில் நின்ற மாதங்கள் இடைவெளியாம். திரும்பி வந்து அடுத்த நாளே பள்ளிக்கூடம் போனாள்.

நிவேதனா அப்படியல்ல. உதயகலா மருமகளாக வந்தபோது இவளுக்கு ஒன்பது வயது. புலமைப்பரிசில் பரீட்சைக்கும், பிறகு சாதாரணதரத்துக்கும் அவளை இருத்திச் சொல்லிக்கொடுத்தது உதயகலாதான். உயர்தரத்தில் புள்ளி வந்தது, கல்லூரி கிடைத்தது. இரண்டு வருடம் விடுதியில் நின்று படித்தாள். மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் நின்று படிப்பிக்க வேண்டும். முடிவில் கல்லூரியிலிருந்து ஒரு விரிவுரையாளர் வருவார். வகுப்பின் பின்னால் இருந்து ஒரு பாடத்தைப் பார்த்துப் புள்ளி போடுவார். அதில் தேறினால் அரசாங்க ஆசிரியை. தேறாவிட்டால் திரும்பவும் ஒரு வருடம்.

அவளைப் போட்ட பாடசாலை எங்கள் ஊருடையது. கொடுத்த வகுப்பு உதயகலாவின் வகுப்பு. கரும்பலகைக்கு முன்னால் நின்றவள் பின் கதிரைக்குப் போனாள்.

காலையில் இருவரும் ஒரே நேரத்துக்குப் புறப்படுவார்கள், ஒரே இடத்துக்கு. ஜெயசுதன் தங்கையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவான். உதயகலா சைக்கிளை மிதித்துக்கொண்டு பின்னால் போவாள்.

"ரீச்சருக்குச் சீலை கசங்கிப் போகுமெல்லோ," என்று ஒருநாள் அவன் என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னான். பெண்சாதி கட்டியிருந்ததும் சீலைதான். அது அவன் கண்ணில் படவில்லை.

இப்படி ஒருவர் வந்து பார்க்கும் பார்வைப் பாடத்துக்கு ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். முதல் நாளே அதே பாடத்தைப் பிள்ளைகளுக்கு ஒரு முறை படிப்பித்து விடுவது. மறுநாள் பெரியவர் வந்து இருக்கும்போது கேள்வி கேட்டால் பிள்ளைகள் பொரிபோல் பதில் சொல்லும்.

நிவேதனா முதல் நாள் கல்லூரிக்குப் போய்ப் பாடக் குறிப்பில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அதனால் உதயகலாவிடம் கேட்டாள்.

"மச்சாள், நாளைக்கு ஒருக்கா பழக்கி விடுறியளே? உங்களுக்கெண்டால் ஒரு பாடவேளை போதும்."

"அதுக்கென்ன, பழக்கி விடுறன். நீ பயப்படாதை."

அப்போது அவள் மனசார ஒத்துக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். தராசையும் அவளே செய்தாள். பலூன், தேசிக்காய், பூசணிக் கீற்று, கல், பஞ்சுப் பொட்டலம் எல்லாம் கட்டிவைத்தாள். மறுநாள் பாடத்தையும் ஒழுங்காகவே படிப்பித்தாள்.

அதோடு இன்னொன்றும் செய்தாள். அதிகாரிகள் வரும் நாட்களுக்காக அவளிடம் பழைய வித்தை ஒன்று இருந்தது.

"பிள்ளையள், நாளைக்கு ஒரு சேர் வருவார். கேள்வி கேட்டால் எல்லாரும் கை தூக்க வேணும். ஒருத்தரும் சும்மா இருக்கக் கூடாது. விடை தெரிஞ்ச ஆக்கள் சோத்துக் கை. தெரியாத ஆக்கள் இடது கை. விளங்கிச்சுதோ?"

"விளங்கிச்சுது ரீச்சர்!"

வருகிறவருக்கு வகுப்பு முழுவதும் கை தூக்கி நிற்பதுபோலத் தெரியும். ஆசிரியை வலது கைப் பிள்ளையை மட்டும் எழுப்புவாள். தோற்பதற்கு வழியில்லை. ஒரே ஒரு நிபந்தனை: கேள்வி கேட்பவளுக்கு இந்தச் சங்கதி தெரிந்திருக்க வேண்டும்.

அதை நிவேதனாவிடம் சொல்லத்தான் இருந்தாள் உதயகலா. விளக்கு வைக்கிற நேரம் நிவேதனா கல்லூரியிலிருந்து வந்து தகப்பனின் கட்டிலடியில் இருந்தாள். நான் அவருக்குக் குதிக்காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். உதயகலா தேத்தண்ணியோடு வாசலில் வந்து நின்றாள்.

தம்பிராசா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார். "பாத்தியளே, நாளையோடை என்ரை பிள்ளை ரீச்சர். எங்கடை வீட்டிலை முதல் ரீச்சர். இந்தக் குடியிலை இதுக்கு முன்னம் ஆர் இருந்தது?"

"அப்பா, மச்சாளும் படிப்பிக்கிறாதானே," என்றாள் நிவேதனா.

"ஓம் ஓம், அவளும் போய் வாறாள். அது வேறை."

உதயகலா தேத்தண்ணியை வைத்தாள்.

"மச்சாள், பழக்கினியளே? பிள்ளையள் எப்பிடி?"

"பழக்கினனான். நல்லாச் செய்யினம். எல்லாரும் கை தூக்குவினம்."

அவ்வளவுதான் சொன்னாள். எந்தக் கை என்று சொல்லவில்லை. சமையலறைக்குப் போய்ப் பிட்டுக்கு மாக் குழைக்கத் தொடங்கினாள். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் நடந்ததை அவளே பின்னர் எனக்குச் சொன்னாள். அவள் சொல்லாமல் விட்டதை, பாடசாலையில் சத்துணவு சமைக்கும் மேர்சி சொன்னாள். மேர்சி அன்று அகப்பையோடு யன்னலடியில் நின்றவள்.

விரிவுரையாளர் பஞ்சலிங்கம் மெலிந்த மனிதர், முழுக்கைச் சேட்டு. பின்வரிசையில் உதயகலாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார். நிவேதனா மாம்பழ நிறச் சீலையில் முன்னால் நின்றாள். தராசைத் தூக்கிக் காட்டினாள். ஒரு சிரட்டையில் தேசிக்காய், மற்றதில் ஊதிய பலூன்.

"பிள்ளையள், நான் விட்டால் எந்தப் பக்கம் கீழை போகும்? எது பாரம் கூட? ஆருக்குத் தெரியும்?"

வகுப்பே கை தூக்கியது. நிவேதனாவின் முகம் மலர்ந்தது. பஞ்சலிங்கமும் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டலில் மகிழ்ச்சி இல்லை என்று மேர்சி சொன்னாள்.

உதயகலாவுக்குக் கைகள்தான் தெரிந்தன. வலது, வலது, வலது, இடது. யன்னலோரத்தில் கீர்த்திகா, இடது கை. அவளுக்குப் பக்கத்தில் இரண்டு பேர், இடது கை. முதல் நாள் சொல்லிக்கொடுத்தும் பிடிபடாதவர்கள். உதயகலா ஒரு முறை இருமினாலும் போதும், நிவேதனா நிமிர்ந்து பார்ப்பாள், கண்ணால் காட்டலாம். அவள் இருமவில்லை.

"எங்கை, கீர்த்திகா சொல்லுங்கோ."

கீர்த்திகா எழும்பினாள்.

"சொல்லுங்கோ பிள்ளை. கை தூக்கினீங்கள்தானே?"

பிள்ளை உதட்டைக் கடித்தது. பிறகு அழுகிற குரலில், ஆனால் சத்தமாகச் சொன்னது:

"ரீச்சர், நான் இடது கையெல்லோ தூக்கினனான்!"

"இடது கை எண்டால் என்ன?"

"தெரியாது எண்டு. உதயகலா ரீச்சர் சொன்னவ. தெரிஞ்சாச் சோத்துக் கை, தெரியாட்டி இடது கை. நீங்கள் ஏன் என்னைக் கேட்டனீங்கள்?"

பஞ்சலிங்கம் காலை இறக்கினார். பேனையைத் திறந்தார்.

நிவேதனா பின்னால் பார்த்தாள். உதயகலா மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேர்சிக்கு அகப்பை கையிலேயே குளிர்ந்துவிட்டதாம்.

உதயகலா நினைத்தது இவ்வளவுதான்: இந்த இடத்தில் இவள் அழுவாள். அழுதால் நான் எழும்பிப் போய்ப் பாடத்தைப் பிடிப்பேன். வகுப்பு என்னுடையது என்று எல்லோருக்கும் தெரியும். இதை அவளே என்னிடம் சொன்னாள், மூடி மறைக்காமல்.

நிவேதனா அழவில்லை. காது இரண்டும் சிவந்து போயிருந்தன. தராசைக் கீழே வைத்தாள். பிறகு பாடக் குறிப்பை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"சரி. இப்ப எனக்கு விளங்கிட்டுது. இடது கை தூக்கின ஆக்கள் எல்லாரும் முன்னுக்கு வாங்கோ. வெக்கப்பட வேண்டாம். இண்டைக்குப் பாடம் உங்களுக்குத்தான். சோத்துக் கை ஆக்களுக்குத் தெரியுமாம், அவை இருந்து பாக்கட்டும்."

முதலில் மூன்று பேர் வந்தார்கள். பிறகு வலது கை தூக்கிய சிலரும், பொய்யாகத் தூக்கினவர்கள் போலும், மெல்ல எழும்பி வந்தார்கள். நிவேதனா தரையில் இருந்தாள், மாம்பழ நிறச் சீலையோடு. பலூனையும் தேசிக்காயையும் கீர்த்திகாவின் கையில் கொடுத்தாள்.

"எது பெரிசு?"

"பலூன்."

"அப்ப எது பாரம்?"

"பலூன். பெரிசெல்லே."

"அப்பிடியோ? அப்ப தராசிலை நீங்களே போடுங்கோ."

தேசிக்காய் பக்கம் தடாலென்று கீழே போனது. கீர்த்திகா வாயைப் பிளந்தாள். தராசை யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று பார்ப்பவள்போல அடியில் குனிந்து பார்த்தாள். இரண்டையும் எடுத்துப் பக்கம் மாற்றிப் போட்டாள். மறுபடி தேசிக்காய் பக்கம்தான். பஞ்சுப் பொட்டலத்தைப் போட்டாள், கல்லைப் போட்டாள். பிறகு சந்தோசத்தில் கத்தினாள்.

"ரீச்சர், பெரிசெல்லாம் பாரமில்லை! உள்ளுக்கை ஒண்டுமில்லை, காத்து!"

இருந்து பார்க்கச் சொன்ன பிள்ளைகளும் ஓடி வந்துவிட்டார்கள். ஒரே சிரிப்பு. அந்த வகுப்பில் அப்படி ஒரு சிரிப்பைத் தான் கேட்டதில்லை என்று மேர்சி சொன்னாள். உதயகலா வகுப்பை அமைதியாக வைத்திருப்பவள்.

பாடம் முடிய, பஞ்சலிங்கம் எழும்பி முன்னால் போனார். புள்ளியை அங்கே சொல்லமாட்டார்கள். ஆனால் அவர் பேனையை மூடிக்கொண்டு சொன்னார்:

"பிள்ளை, நான் போற வாற இடமெல்லாம் நாடகம்தான் பாக்கிறன். எல்லாப் பிள்ளையளுக்கும் எல்லாம் தெரியும். நான் போய் என்னத்தைப் பாக்கிறது? இண்டைக்குத்தான் ஒரு பிள்ளை தெரியாமல் வந்து தெரிஞ்சு போனதைக் கண்டன். நீர் பயப்படத் தேவையில்லை."

பிறகு பின்னால் திரும்பினார். "ரீச்சர், உந்தக் கை வித்தை உங்கடையோ?"

"ஓம் சேர்."

"நல்ல வித்தை. நாங்களும் உதிலைதான் பாஸ் பண்ணினது." சிரித்தார். "நீங்கள் எந்தக் கல்லூரி?"

"நான் தொண்டர் ஆசிரியர், சேர்."

"ஆ," என்றார் பஞ்சலிங்கம். நிவேதனாவின் பக்கம் திரும்பிப் பாடக் குறிப்பைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

அந்த 'ஆ' உதயகலாவுக்கு எப்படிக் குத்தியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தான் தோண்டிய குழியில் மற்றவள் விழுந்திருந்தால் கூட ஒரு ஆறுதல். விழவில்லை; குழிக்குள் இறங்கிப் பூக்கன்று நட்டுவிட்டு ஏறிவிட்டாள்.

மாலையில் நான் தம்பிராசாவை இடப்பக்கம் பிரட்டி, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் நிவேதனாவின் குரல் கேட்டது.

"மச்சாள், மறந்து போனியளோ, வேணுமெண்டு சொல்லேல்லையோ?"

"மறக்கேல்லை."

"நான் பெயிலாகியிருந்தால்?"

"ஆகியிருப்பாய். இன்னொரு வருசம் நிண்டிருப்பாய். நான் எத்தினை வருசம் நிக்கிறன்?"

"அதுக்கு நானோ காரணம்? உங்களுக்கு நியமனம் தரவேண்டாம் எண்டு நானோ சொன்னனான்?"

"நீ சொல்லேல்லை. நீ மோட்டார் சைக்கிளிலை போறாய், அவ்வளவுதான்."

கட்டிலில் கிடந்தபடியே தம்பிராசா குரல் கொடுத்தார். "உவளுக்கு எரிச்சல்! என்ரை பிள்ளையைக் கண்டு எரிச்சல்!"

உதயகலா அறை வாசலுக்கு வந்து நின்றாள். அவள் அழுதிருப்பாள் என்று நினைத்தேன். கண் காய்ந்திருந்தது.

"ஓம் மாமா, எரிச்சல்தான். உங்கடை பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுத்தது நான். பள்ளிக்கூடத்தாலை வந்து உங்களுக்குக் கஞ்சி வைக்கிறது நான். ஒருநாள், ஒரு நாளெண்டாலும், என்னை ரீச்சர் எண்டு கூப்பிட்டியளோ?"

"நியமனம் இல்லாமல் எப்பிடியடி ரீச்சர் எண்டுறது?"

"அதுதான் எரியுது."

தம்பிராசா தண்ணீர் கேட்டார். நான் கொடுத்தேன்.

அப்போதுதான் நிவேதனா வெடித்தாள். "உங்களுக்கு மட்டுமோ எரியுது? நான் வகுப்புக்குள்ளை கால் வைச்சால், 'உதயகலா ரீச்சர் எப்ப படிப்பிப்பா' எண்டு கேக்குதுகள். சப்பாத்துக் கழண்டால் உங்களிட்டைத்தான் ஓடுதுகள். வயித்துக்குத்து எண்டாலும் உங்களிட்டைத்தான். நான் கரும்பலகையிலை எழுதேக்கை முதுகிலை உங்கடை கண் கிடக்குது, மச்சாள். உங்களை அந்த வகுப்பாலை எடுத்துவிடச் சொல்லி அதிபரிட்டைக் கேக்கப் போனனான், தெரியுமோ? வாசல் மட்டும் போனனான். வெக்கத்திலை திரும்பி வந்திட்டன்."

"எப்ப?"

"போன மாதம்."

உதயகலா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாதிரியான திருப்தி வந்ததை நான் கண்டேன். தன்னிடம் இருப்பது மற்றவளுக்கும் இருக்கிறது என்று அறிந்த திருப்தி. மன்னிப்பு ஒருவரும் கேட்கவில்லை. ஜெயசுதன் தோட்டத்திலிருந்து வந்து, கால் கழுவிவிட்டு, "என்ன சத்தம்?" என்றான். "ஒண்டுமில்லை, சாப்பிட வாங்கோ," என்றார்கள் இரண்டு பேரும்.

எரிச்சல் படுக்கைப்புண்ணைப் போன்றது. ஒரே பக்கம் அழுத்திக்கொண்டு கிடந்தால் எலும்புவரை போகும். மருந்து இருக்கிறது, ஆனால் முதல் வேலை ஆளைப் பிரட்டுவது. இதை நான் உதயகலாவுக்குச் சொல்லவில்லை. கேட்கிற நிலையில் அவள் இல்லை. ஆனால் அவள் தானாகவே பிரண்டாள்.

மறுநாள் காலை நான் போனபோது உதயகலா புறப்பட்டுவிட்டாள். மற்ற நாட்களைவிட நேரத்தோடு போயிருந்தாள். அதிபர் மகாதேவி அலுவலக அறையைத் திறந்துகொண்டிருக்கும்போதே போய் நின்றாளாம்.

நாலாம் வகுப்புக்கு அந்தத் தவணை ஆசிரியர் இல்லை. இருந்தவர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். வகுப்பு சந்தைபோல் இருந்தது. எடுக்கச் சொல்லி மகாதேவி உதயகலாவை முன்பே கேட்டிருந்தார். சின்னப் பிள்ளைகளை விட்டு வரமாட்டேன் என்று அவள் மறுத்திருந்தாள்.

"நாலாம் வகுப்பை எடுக்கிறன், மிஸ்," என்றாள்.

"என்ன திடீரெண்டு? அப்ப ரெண்டாம் வகுப்பு?"

"அங்கை நிவேதனா நிக்கிறா. ஒரு வகுப்புக்கு ரெண்டு பேர் என்னத்துக்கு?"

"நேற்றையான் சங்கதி எனக்கும் காதிலை விழுந்தது," என்றார் மகாதேவி.

"விழுந்திருக்கும். மேர்சி இருக்கிறாவெல்லோ."

மகாதேவி நாலாம் வகுப்புப் பூட்டின் திறப்பைக் கொடுத்தார்.

இதைப் பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் எனக்குச் சொன்னது வேறு. "அன்ரி, அந்தப் பின் கதிரையிலை இருந்து அந்தச் சிரிப்பை இன்னொருக்கா என்னாலை கேக்கேலாது." அவ்வளவுதான். பொறுத்துக் கேட்க முடியாத இடத்தில் இருக்கக் கூடாது என்பது நல்ல முடிவுதான்.

இரண்டாம் வகுப்புக்குப் போய்த் தன் பையையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்தாள். பிள்ளைகள் அப்போது வந்திருக்கவில்லை. கண்டால் காலைக் கட்டிப் பிடிக்கும் என்று தெரிந்துதான் நேரத்தோடு போனாள். நாலாம் வகுப்பின் பூட்டைத் திறந்து, மேசையில் கிடந்த புழுதியைத் தட்டி, கதிரைகளை வரிசையாக இழுத்துவிட்டாள். மணி அடித்தது. பிள்ளைகள் வந்து, ஆசிரியை ஒருவர் நிற்பதைக் கண்டு வாசலிலேயே நெரிந்துகொண்டு நின்றார்கள்.

"உள்ளை வாங்கோ. நான்தான் இனி உங்கடை வகுப்பாசிரியர்."

எல்லோரும் இருந்தார்கள். முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளை எழும்பியது.

"ரீச்சர், எங்களுக்கு அந்தத் தராசு ரீச்சர் வரமாட்டாவோ? ரெண்டாம் வகுப்பிலை நேற்று நல்ல பகிடியாம்."

உதயகலா வெண்கட்டியைக் கையில் எடுத்தாள்.

"வரமாட்டா. இரும் பிள்ளை. கணக்குப் புத்தகத்தைத் திறவுங்கோ," என்று சொல்லிக் கரும்பலகையில் திகதியை எழுதினாள்.